பூட்டாத கார்டுக்குப் பூட்டு: கடற்கரை ஊரில் ஒரு கேம் கருவிக் கோளாறு

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் கேம் கருவிகளிலும் கையடக்கக் கேம் கருவிகளிலும் செருகப்படும் மெமரி கார்டு, யாரும் அதைப் பூட்டாத நிலையிலும், 'ரைட் புரொடெக்டட்', அதாவது எழுதத் தடை செய்யப்பட்டது, என்று திரையில் காட்டப்படுவதுண்டு. அந்நிலையில் கார்டிலுள்ள படங்களையும் கோப்புகளையும் பார்க்க முடியும். ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமிக்கவோ, பழையதை அழிக்கவோ, புதிய ஆட்டத்தை இறக்கி வைக்கவோ முடியாது. பலர் இதைக் கார்டின் குற்றமாகக் கருதிப் புதுக் கார்டு வாங்குகின்றனர். புதுக் கார்டுக்கும் அதே செய்தி வந்தால் கருவியே போய்விட்டது என்று ஒதுக்கி வைக்கின்றனர். இரண்டும் அவசர முடிவுகளே. திரையில் தோன்றும் அந்தச் செய்தி கார்டின் உண்மை நிலையைத் தெரிவிக்கும் அறிக்கை அன்று. கார்டைச் செருகும் ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு உலோகத் தகட்டை நம்பிக் கருவி எடுக்கும் முடிவாகவே அது பெரும்பாலும் இருக்கிறது.

இக்கோளாற்றைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய காரணம் புதுச்சேரிக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த இந்நகரில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களும், 'சொல்தா' என்று ஊரார் அழைக்கும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன. பிரான்சில் வாழும் உறவினர் வழியாக ஐரோப்பியச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவிகள் இங்கு வந்து சேர வழியுண்டு. பிரான்சிலும் இந்தியாவிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பிளக்கின் வடிவத்தைத் தவிர மின்சாரத்தால் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் கடற்காற்றிலிருந்து வருகிறது; அதை விளங்கிக்கொள்ள, கார்டின் அமைப்பை முதலில் அறிய வேண்டும்.

பூட்டு இருக்கும் இடம்

எஸ்.டி. கார்டு என்பது மட்சுஷிதா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1999ஆம் ஆண்டு அறிவித்த சேமிப்பு அட்டை ஆகும். 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் 2.1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இம்முழு அளவு அட்டையையே 2006இல் வெளிவந்த நிண்டெண்டோ வீ கருவியும் 2011இல் வெளிவந்த நிண்டெண்டோ 3டி.எஸ். கருவியும் ஏற்கின்றன. பெயர் மேலே தெரியுமாறு பிடித்தால் அட்டையின் இடது ஓரத்தில் மேலும் கீழும் நகரும் சிறு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை 'லாக்' என்ற சொல் இருக்கும் பக்கம் கீழே தள்ளினால் கார்டு பூட்டப்பட்டதாகவும், பின்கள் இருக்கும் பக்கம் மேலே தள்ளினால் திறந்ததாகவும் கொள்ளப்படுகிறது.

இந்த நாக்கிற்கும் கார்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. நாக்கு நகர்ந்ததைக் கார்டு அறியாது. ஸ்லாட்டில் உள்ள ஒரு வில்தகடு, அதாவது அழுத்தினால் வளைந்து விட்டால் நிமிரும் மெல்லிய உலோகப் பட்டை, நாக்கின் இடத்தைத் தொட்டுப் பார்த்து அறிகிறது. வழக்கமான ஸ்லாட்டில், நாக்கு மேலே இருந்தால் அது வில்தகட்டை அழுத்தி மற்றொரு தகட்டோடு சேர்க்க, சுற்று மூடிக் கருவி எழுதத் தொடங்குகிறது. நாக்கு கீழே இறங்கினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் ஏற்பட, வில்தகடு அழுத்தப்படாமல் நிற்க, கருவி எழுதுவதைத் தானாகவே நிறுத்திக்கொள்கிறது.

இம்முறை புதியதன்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாக் கேசட்டின் முதுகில் இருந்த சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது என்பதையும், மீண்டும் பதிய விரும்பியவர்கள் அந்தப் பள்ளத்தின்மேல் செலோ டேப் ஒட்டியதையும் நடுவயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றரை அங்குல ஃபிளாப்பியும் இவ்வழியையே பின்பற்றியது. ஒன்றிலும் பூட்டு சேமிப்புப் பொருளில் இல்லை. அப்பொருளின் விளிம்பைப் பார்த்துக் கருவி கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் பூட்டு.

இவ்வமைப்பிலிருந்து ஒரு விளைவு தவிர்க்க முடியாமல் எழுகிறது. எழுத அனுமதி கிடைக்க இரு உலோகத் துண்டுகள் நன்றாகத் தொட்டாக வேண்டும். தூசி படிந்தாலும், துரு ஏறினாலும், தகடு வளைந்து தளர்ந்தாலும், நாக்கு தேய்ந்து போதிய அளவு அழுத்தாவிட்டாலும் அந்தத் தொடர்பு ஏற்படாது. ஏற்படாத தொடர்பு அனைத்தையும் கருவி 'பூட்டு' என்றே படிக்கும். தவறுதலாக அழிப்பதைவிடத் தவறுதலாக மறுப்பது மேல் என்ற நோக்கில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்லாட்டின் கோளாறு முழுவதும் கார்டின் தலையில் விழுவதற்கும் இதுவே காரணமாகிறது.

கடற்காற்றின் பங்கு

கடற்கரைச் சாலையிலிருந்து சில தெருக்கள் தள்ளி நேரு வீதியும் காந்தி வீதியும் இருக்கும் புதுச்சேரியில், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கரையோரப் பகுதிகளில் மட்டுமல்லாது நகரின் உட்பகுதியிலும் உப்புத் துகள் கலந்த ஈரக்காற்று ஜன்னல் கம்பிகளையும் மின்விசிறி மூடிகளையும் அரிப்பது அன்றாடக் காட்சி. கார்டின் பின்களுக்குப் பொன்முலாம் பூசப்படுவதால் அவை எளிதில் அரிபடுவதில்லை. முலாமில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகவோ, செருகிச் செருகி முலாம் தேய்ந்த இடத்திலோ ஈரமும் உப்பும் புகுந்தால் மட்டும் அடியில் உள்ள நிக்கலும் செம்பும் வெளுத்தும் பசுமை பூத்தும் போகின்றன. ஸ்லாட்டின் வில்தகட்டுக்கோ உராய்ந்து தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் வாய்ப்பு, கார்டு செருகப்படும் சில வேளைகளில்தான் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்த கருவி, வெளியே எடுக்கும்போது கார்டைப் பூட்டியதாகக் காட்டினால், ஐயம் முதலில் விழ வேண்டிய இடம் ஸ்லாட்டே ஆகும். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தை போன்ற இடங்களில் பழைய கருவி வாங்குவோரும் ஸ்லாட்டின் உட்புறத்தைக் கைவிளக்கால் பார்த்து வாங்குவது நல்லது.

குற்றவாளியைக் கண்டறியும் முறை

சோதனைக்கு வேண்டியவை இரண்டே: சந்தேகத்துக்குரிய கார்டைப் படிக்க ஒரு கணினியும், கருவியில் செருகிப் பார்க்க மற்றொரு முழு அளவு கார்டும். நாக்கு மேலே இருப்பதை உறுதி செய்துகொண்டு முதல் கார்டைக் கணினியில் செருகி, ஒரு சிறு கோப்பை அதில் எழுதி, கார்டை வெளியே எடுத்து மீண்டும் செருகி, அக்கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினியில் எழுத முடிந்து, கேம் கருவியில் எல்லாக் கார்டுகளும் பூட்டியதாகக் காட்டப்பட்டால் குற்றம் கருவியின் ஸ்லாட்டினுடையது. கருவியில் மற்றக் கார்டு எழுதி, முதல் கார்டு மட்டும் எல்லா இடத்திலும் மறுத்தால் குற்றம் அந்தக் கார்டினுடையது. மைக்ரோ எஸ்.டி. கார்டை அடாப்டருக்குள் வைத்துப் பயன்படுத்துவோர் அடாப்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மைக்ரோ கார்டுக்கு நாக்கே கிடையாது, பூட்டுவது அடாப்டரின் நாக்கு, மலிவான அடாப்டர்களில் அது தளர்ந்து, செருகும்போதே கீழே நழுவிவிடும். மைக்ரோ கார்டை நேரடியாக ஏற்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற பின்னாளைய கருவிகளில் நாக்கால் எழும் இத்தொல்லைக்கே இடமில்லை.

ஸ்லாட்டின் குற்றம் உறுதிப்பட்டால், கருவியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கையடக்கக் கருவியாயின் முழுவதும் நிறுத்திய பின், கைப்பம்பு ஊதியால் தூசியை வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே போகும். அடுத்து, 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கார்டின் பின்களிலும் நாக்கிருக்கும் ஓரத்திலும் மெல்லத் தடவி, ஈரம் சொட்டாத நிலையில் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தால், அந்த உராய்வே வில்தகட்டின் படிவை ஓரளவு நீக்கும். ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பிறகே கருவியை இயக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உப்புத்தாளும் ஊசியும் முலாமைச் சுரண்டித் தகட்டை வளைக்கும். ஆகவே இவை ஸ்லாட்டின் அருகே வரக்கூடாதவை. இதன் பின்னும் மாற்றம் இல்லையென்றால் வில்தகடு வளைந்தோ உடைந்தோ இருக்கக்கூடும். அதைச் சரிசெய்யக் கருவியைத் திறக்க வேண்டும் என்பதால், அந்த வேலை நுண் பற்றவைப்பு தெரிந்த செல்போன் பழுதுநீக்குநரிடம் விடப்பட வேண்டியது.

நாக்கு உடைந்து விழுந்துவிட்ட கார்டுக்குத் தீர்வு கேசட் காலத்துத் தீர்வேதான்: நாக்கு மேலே இருந்திருக்க வேண்டிய பள்ளத்தை மெல்லிய டேப்பால், பின்களை மறைக்காமல், மேடு தட்டாமல் மூட வேண்டும். தடித்த டேப்பும் சுருண்ட டேப்பும் ஸ்லாட்டுக்குள் கழன்று சிக்கிக்கொள்ளும் என்பதால், இது கோப்புகளை நகலெடுக்கும்வரை பயன்படுத்தும் தற்காலிக வழியே.

கார்டே மறுக்கும் நிலை

நாக்கோடு தொடர்பில்லாத பூட்டுகளும் உண்டு. ஒவ்வொரு எஸ்.டி. கார்டிலும் அதன் இயல்புகளைக் குறித்து வைக்கும் 128 பிட் அளவுள்ள சி.எஸ்.டி. என்ற பதிவேடு உள்ளது. அதில் தற்காலிகமாகவும் நிரந்தரமாகவும் எழுதுவதைத் தடுக்கும் இரு குறிகள் இருக்கின்றன. நிரந்தரக் குறி ஒருமுறை இடப்பட்டால் அதை நீக்க வழியில்லை. கார்டின் உள்ளே உள்ள நாண்ட் ஃபிளாஷ் செல்கள், எழுதி அழிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தேய்பவை. மாற்றுச் செல்கள் தீர்ந்துபோனால், கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லு எஞ்சிய தரவையாவது காக்கும் பொருட்டுத் தன்னைப் படிக்க மட்டுமான நிலைக்கு மாற்றிக்கொள்வதுண்டு. அத்தகைய கார்டைத் திருத்த முயல்வது வீண். உள்ளவற்றை நகலெடுத்துவிட்டு அதைக் கைவிடுவதே முறை.

கணினியில் ஒரு கட்டளையைத் தட்டிப் படிக்க மட்டுமான குறியை நீக்கலாம் என்ற அறிவுரை பரவலாக உள்ளது. அது அந்தக் கணினியின் இயங்குதளம் தானாக இட்ட தடையை மட்டுமே நீக்கும். கேம் கருவியின் வில்தகட்டையோ, தேய்ந்த கார்டின் சில்லையோ அது எட்டுவதில்லை. கொள்ளளவுச் சிக்கலையும் இதனோடு குழப்பக்கூடாது. வீ கருவி தொடக்கத்தில் 2 ஜி.பி. வரையிலான கார்டுகளையே ஏற்றது; 2009 மார்ச்சில் வந்த 4.0 மென்பொருளுக்குப் பின்னரே 32 ஜி.பி. வரையிலான எஸ்.டி.எச்.சி. கார்டுகளை ஏற்கலானது. அளவு மீறிய கார்டுக்குக் கருவி சொல்வது 'பயன்படுத்த முடியாது' என்பது. 'பூட்டப்பட்டது' என்பது அன்று. இவ்விரண்டு செய்திகளையும் வேறுபடுத்திப் படித்தாலே பாதிச் சோதனை முடிந்துவிடும். ஐரோப்பியக் கருவியின் செய்தி பிரெஞ்சில் வந்து புரியாவிட்டால், அமைப்புப் பகுதியில் மொழியை ஆங்கிலமாக மாற்றிக்கொள்ளலாம்.

நகலெடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாத காரணமும் இப்போது கூடியுள்ளது. வீ கருவிக்கான இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது, 3டி.எஸ். கடையில் புதிதாக வாங்கும் வசதி 2023 மார்ச்சில் முடிந்தது. இக்கருவிகளுக்காகக் கார்டுகளில் எழுதி வைத்த சேமிப்புகள் இன்று அந்தக் கார்டுகளையே நம்பியுள்ளன. 3டி.எஸ். சேமிப்புகள் அந்தந்தக் கருவிக்கே உரிய மறையாக்கத்தோடு எழுதப்படுவதால், கார்டின் கோப்புறைகளைப் பெயர் மாற்றாமல் அப்படியே கணினிக்குப் படியெடுத்து, பின்னர் நல்ல கார்டில் அப்படியே இட்டு, அதே கருவியில் செருக வேண்டும். வேறு கருவியில் அவை திறக்காது.

ஆகவே, இச்செய்தியைக் காண்போர் கார்டை ஃபார்மட் செய்யவோ புதிது வாங்கவோ முற்படுமுன், கார்டிலுள்ளவற்றைக் கணினியில் படியெடுத்து, நாக்கு, அடாப்டர், ஸ்லாட், கார்டு என்ற வரிசையில் சோதிக்க வேண்டும்; மழைக்காலத்தில் கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்து, மாதத்துக்கொருமுறை எடுத்து இயக்கிக் கார்டைச் செருகி எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் பழைய கருவி வைத்திருப்போருக்கு இச்சிறு பழக்கம் புதுக் கார்டை விடப் பயன் தரும்.