நடையை அளக்கும் கருவி



1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம். மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் இது உண்டாகிறது. கை நடுக்கம் மட்டுமே இதன் அடையாளமன்று. அடி குறுகும், பாதம் தரையை உரசும், கைவீச்சு குறையும். சிலருக்கு வாசற்படியிலோ, திரும்பும்போதோ, கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை நின்றுவிடும். கேமரன் மலைத் தோட்டங்களின் மேடுபள்ளங்களில் நடமாடும் நம் முதியோருக்கு இது பேராபத்து. "வயதாகிவிட்டது" என்று நாம் விட்டுவிடலாகாது.

பரீட்சை நாளில் ஒழுங்காக அமர்ந்திருக்கும் மாணவனின் மறுநாள் போக்கை ஆசிரியனாக நான் நன்கறிவேன். நோயாளியும் அப்படியே, மருத்துவர் முன்னே கவனமாக நடப்பார், வீட்டில் தடுமாறுவார். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் கணுக்காலிலும் இடுப்பிலும் சிறு உணர்கருவிகளைக் கட்டி அனுப்புகின்றனர். அவை காலின் அசைவையும் திருப்பத்தையும் பதிவு செய்கின்றன. சாதாரண நடையின் அசைவு பெரும்பாலும் விநாடிக்கு 3 முறைக்குள் அடங்கும். நடை உறையும்போது கால் விநாடிக்கு 3 முதல் 8 முறை நடுங்குவதுண்டு. கணினி இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்கிறது. மருந்தின் வேகம் எப்போது தணிகிறது என்பதும் இதனால் புலப்படக்கூடும். மருத்துவர் வேளையை மாற்றியமைக்கலாம்.

கருவி நோயைத் தீர்க்காது. நடை நின்றவரைப் பிடித்து இழுக்காதீர்கள். சற்று நிற்கவிட்டு, "ஒன்று, இரண்டு" என எண்ணுங்கள். தரையில் கோடு கிழித்துத் தாண்டச் சொல்லுங்கள். நடை மாறியதைக் கண்டால், தாமதியாமல் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.