அட்ரீனல் கட்டிக்கு எந்த ஆபரேஷன்? அவசரப்பட்டு கத்தி வைத்தால் என்ன ஆபத்து?

30 வயதிலேயே பிபி. திடீர்னு தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில், "வெயில்ல நின்னது, ராத்திரி தூக்கமில்ல" என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். பலருக்கும் காரணம் அதுவாகவே இருக்கும். ஆனால் மிகச் சிலருக்கு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வளர்ந்த கட்டிதான் காரணம்.

எல்லா கட்டியையும் எடுக்கணுமா?

தேவையில்லை. வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் அட்ரீனல் கட்டிகளே அதிகம். ஹார்மோன் சுரக்காத, 4 செ.மீ.க்குக் குறைவான, ஸ்கேனில் சாதுவாகத் தெரியும் கட்டியை பெரும்பாலும் விட்டுவிடலாம். ஹார்மோனை அதிகமாகச் சுரப்பது, பெரிதாக வளர்வது, புற்றுநோய் சந்தேகம் இருப்பது ஆகியவைதான் ஆபரேஷனுக்கு வருபவை.

ஆபரேஷனுக்கு முன்பே வரும் கண்டம்

இந்தக் கட்டிகளில் பயப்பட வேண்டியது ஃபியோகுரோமோசைட்டோமா. அட்ரினலின் வகை ஹார்மோன்களை ரத்தத்தில் கொட்டும் கட்டி இது. முன்தயாரிப்பு இல்லாமல் இதைத் தொட்டால் மேஜையிலேயே பிபி எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி போட்டு சதை எடுத்துப் பார்ப்பதுகூட ஆபத்து. அதனால் முதலில் ரத்தத்தில் அல்லது 24 மணி நேர சிறுநீரில் மெட்டாநெஃப்ரின் சோதனை. உறுதியானால், ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக 1 முதல் 2 வாரம் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை தருவார்கள். கூடவே உப்பும் தண்ணீரும் கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். பிபி என்றாலே உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது விநோதமாகப் படும். ரத்தக் குழாய்கள் விரியும்போது உள்ளே நீர்ச்சத்து போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதற்காகவே இது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரை முதலில் தொடங்கினால் பிபி இன்னும் ஏறலாம். அதற்கு இரண்டாம் இடம்தான்.

ஆல்டோஸ்டீரோன் சுரக்கும் கட்டியில் சிக்கல் வேறு. எந்தப் பக்கச் சுரப்பி தவறு செய்கிறது என்பதை, இரு பக்க அட்ரீனல் சிரைகளிலும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் பல நேரம் சொல்ல முடியும்.

துளையா, பெரிய வெட்டா?

1992-ல் மிஷேல் காக்னர் குழு லேப்ராஸ்கோபி முறையில் அட்ரீனலை எடுத்ததை வெளியிட்டது. இன்று பெரும்பாலான கட்டிகளுக்கு அதுதான் முதல் தேர்வு. வயிற்றுப் பக்கமாக 3 அல்லது 4 சிறு துளைகள் போதும். ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, குப்புறப் படுக்க வைத்து முதுகு வழியாகச் செல்லும் முறை வசதி. வலதுபுறம் கொஞ்சம் நுணுக்கம்: அங்குள்ள குட்டையான சிரை நேராக உடலின் பெருஞ்சிரையில் சேர்கிறது.

கட்டி மிகப் பெரிது, புற்றுநோய் பரவியிருக்கலாம் என்றால் திறந்த ஆபரேஷன்தான் பாதுகாப்பு. கட்டியின் உறை கிழிந்தால் புற்றுநோய் திரும்பும் ஆபத்து கூடும். ரோபோ முறையும் துளை வழிதான், செலவு அதிகம். கருவியின் பெயரைவிட, டாக்டர் இதை எத்தனை முறை செய்திருக்கிறார் என்று கேட்பதே மேல். இரண்டு பக்கமும் கட்டி வரும் பரம்பரை நோயில் சுரப்பியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். இரண்டையும் முழுசா எடுத்தால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டும்.

வலைக்கு எப்போ திரும்பலாம்?

முறை வைத்து மீன்பிடிக்கும் 'பாடு' வழக்கம் உள்ள ஊர் கோட்டைக்குப்பம். முறை போனால் வருமானமும் போகும். துளை முறையில் சில நாட்களில் வீடு திரும்பலாம், ஆனால் வலை இழுக்க, கனம் தூக்க சில வாரங்கள் ஆகும். வெட்டு என்றால் மாதக் கணக்கு.

எங்கே போவது?

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார்கள். 40 வயதுக்குள் பிபி, மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் அட்ரீனல் சோதனை பற்றிக் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென தனித் துறை உள்ளது. போகும்போது ஸ்கேன் ஃபிலிம், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இவற்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.