திறந்த உலக மீத்திறன் ஆட்டங்கள்

திறந்த உலக மீத்திறன் ஆட்டங்கள் என்பவை, மனித ஆற்றலை மீறிய திறன்களைக் கொண்ட ஒரு நாயகனை, ஒரு பெரிய நகரிலோ நிலப்பரப்பிலோ ஆட்டக்காரர் தம் விருப்பப்படி இயக்கும் நிகழ்பட ஆட்ட வகையாகும். பறத்தல், சுவரேறுதல், மின்னல் எறிதல், உருமாறுதல் முதலியன இவ்வகை ஆட்டங்களில் காணப்படும் திறன்கள். ஸ்பைடர்-மேன் 2 (2004), கிராக்டவுன் (2007), இன்ஃபேமஸ் (2009), புரோட்டோடைப் (2009), மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் (2018) ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. நாயகனின் ஆற்றலே இவ்வாட்டங்களின் கவர்ச்சி. அதுவே அவற்றை உருவாக்குவோரின் தலைவலியும் ஆகும். எதையும் செய்யவல்லவனுக்கு எதைச் சவாலாக வைப்பது என்பது ஒரு கேள்வி. எங்கும் செல்லவல்லவனுக்கு அந்த "எங்கும்" என்பதை எப்படிக் கட்டி வைப்பது என்பது மற்றொன்று.

தோற்றம்

ஆட்டக்காரர் தம் விருப்பப்படி சுற்றித் திரியும் ஆட்டங்களுக்கு முன்னோடியாக எலைட் (1984) பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. டேவிட் பிராபென், இயன் பெல் ஆகிய இருவர் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய இவ்வாட்டத்தில் 8 விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களும் இருந்தன. அக்கணினியின் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே என்பதால் கோள்களின் விவரங்கள் சேமித்து வைக்கப்படவில்லை. ஒரு சூத்திரத்தின் வழி அவை வேண்டும்போது கணிக்கப்பட்டன. முப்பரிமாண நகரை ஆட்டக் களமாக்கும் வழக்கத்தை 2001 இல் வெளியான கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ III பரவலாக்கியது.

மீத்திறன் நாயகர்களை இத்தகைய நகரில் இறக்கும் முயற்சிகள் எளிதில் வெற்றி பெறவில்லை. 1999 இல் நின்டென்டோ 64 கருவிக்கு வெளியான சூப்பர்மேன் ஆட்டத்தில் நகரின் பெரும்பகுதியைப் பனிமூட்டம் மறைத்திருந்தது. தொலைவிலுள்ள கட்டடங்களை வரையும் வலு அக்கருவிக்கு இல்லாமையே இதற்குக் காரணம். கதையிலோ அது "கிரிப்டோனைட் மூட்டம்" என்று சொல்லி ஒப்பேற்றப்பட்டது. மிக மோசமான நிகழ்பட ஆட்டங்களின் பட்டியல்களில் இவ்வாட்டம் தவறாமல் இடம்பெறுகிறது.

டிரேயார்க் நிறுவனத்தின் ஸ்பைடர்-மேன் 2 வந்த பின்னரே நிலைமை மாறியது. அதற்கு முந்தைய ஸ்பைடர்-மேன் ஆட்டங்களில் வலையிழை வெறும் வானத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். இவ்வாட்டத்தில் இழை உண்மையிலேயே ஒரு கட்டடத்தில் ஒட்ட வேண்டும். நாயகன் அதில் ஊசலாக ஆடுவான். பள்ளி இயற்பியலில் வரும் ஊசல்தான் இது. இழையின் மேல்நிலையிலிருந்து 20 மீட்டர் கீழிறங்கும் ஒருவனின் வேகம் அடிப்புள்ளியில் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எந்தக் கணத்தில் இழையை விடுவது என்பதை ஆட்டக்காரரே தீர்மானிப்பதால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதே ஒரு விளையாட்டாகியது. பூங்காவின் மேல் பற்றிக்கொள்ளக் கட்டடம் இல்லாதபோது நாயகன் தரையில் ஓடவே வேண்டியிருந்தது. நியாயமான இக்குறைபாடே அவ்வாட்டத்தின் சிறப்பு எனலாம்.

இயங்கும் முறை

ஆட்டத்தின் நகரம் முழுவதும் கணினியின் நினைவகத்தில் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. நகரம் பல சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு வட்டில் வைக்கப்பட்டிருக்கும். நாயகனைச் சுற்றியுள்ள துண்டுகள் மட்டும் முழு விவரங்களுடன் ஏற்றப்படும். தொலைவிலுள்ள கட்டடங்கள் சில பலகோணங்களும் ஒரு படமும் கொண்ட வெற்றுப் பெட்டிகளாகவே வரையப்படும். அவன் நகர நகர, முன்னே உள்ள துண்டுகள் ஏறும். பின்னே உள்ளவை நீக்கப்படும்.

நடப்பவனுக்கு இம்முறை போதுமானது, பறப்பவனுக்கு அன்று. எடுத்துக்காட்டாக, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 100 மீட்டர் அகலமுள்ள ஒரு துண்டை 3.6 நொடிகளில் கடந்துவிடுவான். நொடிக்கு 50 மெகாபைட்டு படிக்கும் வன்தட்டினால் அதற்குள் 180 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற இயலாது. எனவே நாயகனின் உச்ச வேகத்தை அவனது தசைகளைவிட வட்டின் சுழற்சியே தீர்மானித்தது. வன்தட்டின் படிமுனை இங்குமங்கும் அலைவதைத் தவிர்க்க, அஞ்சல் பெட்டி போன்ற சிறு பொருட்களின் தரவுகள் ஒவ்வொரு துண்டிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. 2018 ஆம் ஆண்டின் ஸ்பைடர்-மேன் ஆட்டத்தில் சில தரவுகள் 400 முறை வரை படியெடுக்கப்பட்டிருந்ததாகப் பிளேஸ்டேஷன் 5 இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 இல் ஆற்றிய உரையில் தெரிவித்தார். நொடிக்கு 5.5 கிகாபைட்டு படிக்கும் திண்மநிலைச் சேமிப்பகம் அக்கருவியில் இடம்பெற்றதற்கு இச்சிக்கலும் ஒரு காரணம்.

பரப்பளவு மட்டுமே சிக்கலன்று. ஜஸ்ட் காஸ் 2 (2010) ஆட்டத்தின் கற்பனைத் தீவுநாடான பனாவ் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கரியாலூர் முதலிய ஊர்களைக் கொண்ட கல்வராயன் மலைத்தொடரும் ஏறக்குறைய இதே அளவினதே (சுமார் 1,095 சதுர கிலோமீட்டர்). 2000 ஆம் ஆண்டில் எண்டெவர் விண்ணோடம் கதிரலைக் கும்பா கொண்டு திரட்டிய நிலவுயரத் தரவுகளில் 30 மீட்டருக்கு ஓர் உயரப்புள்ளி உள்ளது. இக்கணக்கில் கல்வராயன் மலை முழுவதற்கும் ஏறத்தாழ 12 இலட்சம் புள்ளிகள் போதும். புள்ளிக்கு 2 பைட்டு என்றால் மொத்தம் 2.5 மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு கைப்பேசி ஒளிப்படத்தின் அளவுதான். ஆனால் கரியாலூரின் ஒரு தெருவை, அதன் வீடுகள், மரங்கள், மின்கம்பங்கள், நடமாடும் ஆடுமாடுகள் ஆகியவற்றுடன் அருகில் நின்று பார்க்கும்படி அமைக்க இதைப் போலப் பன்மடங்கு தரவும் பல மாத மனித உழைப்பும் தேவைப்படும். மலை மலிவு, தெரு விலை மிகுந்தது. மீத்திறன் ஆட்டங்கள் பெரும்பாலும் சிறிய, நெருக்கமான நகரங்களைத் தெரிவு செய்வதற்கு இது ஒரு காரணம். ஏறவும் தாவவும் உயரமான கட்டடங்கள் தேவைப்படுவது மற்றொரு காரணம்.

ஆற்றலும் அதன் கட்டுப்பாடும்

அனுமன் தன் வலிமையைத் தானே அறியாதவாறு சபிக்கப்பட்டிருந்தான் என்பதும், கடலைத் தாண்ட வேண்டிய வேளையில் சாம்பவான் அதை நினைவூட்டினான் என்பதும் இராமாயணக் கதைகளில் வருவன. எல்லாம் வல்ல நாயகனைக் கதையின் தொடக்கத்திலேயே எல்லாம் செய்ய விடாதிருக்கும் உத்தி இது. ஆட்ட வடிவமைப்பாளர்களும் பெரும்பாலும் இதையே கையாளுகின்றனர். கிராக்டவுனில் கூரைகளின் மேல் சிதறிக் கிடக்கும் 500 பச்சை உருண்டைகளைத் திரட்டத் திரட்ட நாயகனின் தாவும் உயரம் கூடும். உயரத் தாவினால்தான் அடுத்த உருண்டை எட்டும் என்பதால் ஆட்டக்காரர் கதையை மறந்து கூரை கூரையாக அலைவது வழக்கம்.

சக்கர் பஞ்ச் நிறுவனத்தின் இன்ஃபேமஸ் வேறு வழியைக் கண்டது. அதன் நாயகன் கோல் மெக்ராத் மின்சாரத்தை ஆள்பவன். ஆனால் தெருவிளக்கு, மின்மாற்றி போன்றவற்றிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பகுதிக்குள் நுழைந்தால் அவன் வலுவிழந்துவிடுவான். ஆழமான நீரில் விழுந்தால் இறந்துவிடுவான். மின்வெட்டால் நாயகனே முடங்கும் இக்கதையைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2006 இல் வெளியான சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் ஆட்டத்தில் நாயகனைக் காயப்படுத்தவே முடியாது. மாறாக, மெட்ரோபொலிஸ் நகருக்கு ஓர் உயிர்மானி வைக்கப்பட்டது. நகரம் சிதைந்தால் ஆட்டம் முடியும். ஆட்டம் பெரிதாகப் பாராட்டப்படவில்லை எனினும், இவ்வகையில் எழுந்த மிகச் சிறந்த எண்ணங்களுள் இது ஒன்று. இதற்கு நேர்மாறானது வொலிஷன் நிறுவனத்தின் செயின்ட்ஸ் ரோ IV (2013). நாயகனுக்கு அளவற்ற ஓட்டமும் தாவலும் வழங்கப்பட்டதால், அத்தொடரின் முந்தைய ஆட்டங்களில் இன்றியமையாதிருந்த வண்டிகள் ஏறக்குறைய பயனற்றுப் போயின.

வழிப்போக்கர்கள்

நகரம் என்றால் மக்களும் உண்டு. அவர்களை நாயகன் எவ்வாறு நடத்துகிறான் என்பதில் இவ்வாட்டங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. இன்ஃபேமஸில் வீழ்ந்து கிடக்கும் ஒருவருக்கு மின்னூட்டி உயிர் கொடுக்கலாம். அல்லது அவரிடமிருந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளலாம். இச்செயல்களுக்கேற்பக் "கருமம்" என்னும் அளவீடு நன்மையின் பக்கமோ தீமையின் பக்கமோ சாயும். கிடைக்கும் திறன்களும் மாறும். இரு முனைகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டவருக்கே வலிமையான திறன்கள் வாய்ப்பதால், ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் அறத்தைச் சிந்திப்பதை விட்டு, தொடக்கத்தில் எடுத்த முடிவையே இயந்திரம்போலத் தொடர நேர்கிறது என்ற குறைகூறல் இதன்மேல் உண்டு.

ராடிகல் என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய புரோட்டோடைப்பில் அத்தகைய அளவீடே இல்லை. நோய்நுண்மம் ஒன்றால் மாற்றமடைந்த அலெக்ஸ் மெர்சர் பிறரை விழுங்கி அவர்களின் உருவையும் நினைவுகளையும் பெறுகிறான். திருமூலர் மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்ததாகக் கூறப்படும் கூடுவிட்டுக் கூடுபாய்தல் தமிழருக்குப் பழக்கமானதே. அங்கு இறந்துகிடந்தவனின் உடலில், மேய்ப்பனை இழந்து வருந்திய பசுக்களின் துயர் தீர்க்கவே சித்தர் புகுந்தார். இங்கு உயிருடன் நடந்து செல்பவரே உணவாகிறார். நாயகனின் காயமும் அதனால் ஆறுகிறது. வட அமெரிக்கத் தரவரிசையில் இவ்வாட்டம் 17 அகவைக்கு மேற்பட்டோருக்கு உரியதாகவும், இன்ஃபேமஸ் பதின்ம வயதினருக்கு ஏற்றதாகவும் வகைப்படுத்தப்பட்டன.

இந்தியாவில்

முழு அளவிலான திறந்த உலகமாக இல்லாவிடினும், மீத்திறன் நாயகனைக் கொண்ட இந்திய ஆட்டங்களில் குறிப்பிடத்தக்கது ஹனுமான்: பாய் வாரியர். ஐதராபாத்தைச் சேர்ந்த ஆரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய இவ்வாட்டம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு 2009 இல் வெளியானது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் ஆட்டமாக இது அறிமுகப்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இந்து சமயப் பேச்சாளர் ராஜன் செட் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்து, ஆட்டத்தைத் திரும்பப் பெறுமாறு சோனி நிறுவனத்தைக் கோரினார். வழிபடப்படும் கடவுளின் அசைவுகளை ஒரு பொத்தானால் ஆட்டக்காரர் கட்டுப்படுத்துவது இழிவு என்பது அவரது வாதம்.

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அனுமன் வேடமிட்டுக் கூத்தாடுவதும் படக்கதைகளில் அனுமனை வரைவதும் நெடுங்கால வழக்கம். ஆனால் கூத்தில் அனுமன் தோற்பதில்லை. நிகழ்பட ஆட்டத்திலோ ஆட்டக்காரர் தவறினால் நாயகன் வீழ்கிறான். தோல்வி இல்லாத ஆட்டம் ஆட்டமாகாது; தோற்கும் கடவுளைப் பக்தர் ஏற்பது அரிது. புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக் இதை வேறு வகையில் கையாண்டது. அதில் போரிடுபவள் ராஜி என்னும் கழைக்கூத்துச் சிறுமி. துர்க்கையும் திருமாலும் அவளுக்கு ஆற்றல் அருள்பவர்களாகவும் கதை சொல்பவர்களாகவும் மட்டுமே வருகின்றனர். தவறி விழுபவள் மானிடப் பெண்ணே.