பிறநாட்டுப் பிரஜாவுரிமையும் நமது பெண்களும்





கடல் கடந்த நாடொன்றில் பிள்ளையோ சகோதரனோ மருமகனோ இல்லாத குடும்பத்தை இன்று நம்மிடையே காண்பது அரிது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி விடுகின்றனர். பிரித்தானியாவுக்குப் போனவர்கள் அப்படியல்லர். அங்கேயே குடும்பமாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்து, இறுதியில் அந்நாட்டுப் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பிக்கின்றனர். மகளை லண்டன் மாப்பிள்ளைக்கு நிகாஹ் முடித்துக் கொடுத்த தாய்மார் கேட்கும் கேள்விகள் பல: "மகளுக்கு எப்போது பாஸ்போர்ட் கிடைக்கும்? வக்கீல் பிடிக்கத்தான் வேண்டுமா? இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுமா?" இவற்றுக்கு விடை தெரியாமல், யாரோ சொன்னதை நம்பிப் பணத்தையும் உரிமையையும் இழந்தவர்கள் உண்டு. எனவே இதுபற்றிச் சற்று விரிவாக நோக்குவோம்.

வக்கீல் என்பவர் யார்?

'வக்கீல்' என நாம் வழங்கும் சொல் அறபியிலிருந்து வந்தது. தனது காரியத்தை நம்பிக்கையானவரிடம் ஒப்படைப்பதை மார்க்கச் சட்ட நூல்கள் 'வகாலத்' என்கின்றன. அதற்கெனத் தனிப் பாடமே உண்டு. நிகாஹ் மஜ்லிஸில் பெண்ணின் வலி தன் சார்பில் பேச ஒருவரை வகீலாக்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வகீல் தன்னிடம் தரப்பட்ட அதிகாரத்தின் எல்லையைத் தாண்டலாகாது. ஒப்படைத்தவரும் அவரிடம் உண்மையை மறைக்கலாகாது. சட்டத்தரணிக்கும் அவரை நாடிச் செல்பவருக்கும் இடையிலுள்ள உறவும் இதுவேதான்.

முதலில் எந்தப் பாதை என்பதைத் தீர்மானிக்க வேண்டும்

பிரித்தானியாவில் பிரஜாவுரிமையை நெறிப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டம். பிற நாட்டில் பிறந்து அங்கு குடியேறிய பெரியவர்களுக்கு அதில் இரண்டு பிரதான பாதைகள் உள்ளன.

ஒன்று, பொதுவான பாதை. ஐந்து ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் 450ஐயும், கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் 90ஐயும் தாண்டலாகாது. நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும்.

மற்றது, பிரித்தானியப் பிரஜையின் மனைவிக்கு அல்லது கணவனுக்குரிய பாதை. இதில் மூன்று ஆண்டுகள் போதும். வெளிநாட்டில் கழித்த நாட்களின் எல்லை 270. கடைசி ஆண்டுக்கு அதே 90. விண்ணப்பிக்கும் நாளில் நிரந்தர வதிவிட அனுமதி கையிலிருந்தால் போதும். மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டத்தரணியின் முதல் உதவி இங்கேதான். நாட்டுக்குள் வந்த நாளையும் போன நாளையும் விட்டுவிட்டு இடைப்பட்ட நாட்களைக் கணக்கிட்டு, எந்தப் பாதை பொருந்தும், எந்தத் திகதியில் விண்ணப்பிக்கலாம் என்று அவர் சொல்வார். உம்மாவின் சுகவீனம், தம்பியின் கலியாணம், உம்ரா, ஹஜ்ஜு என்று நம்மவர்கள் அடிக்கடி பயணம் போகின்றனர். பழைய கடவுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தாதவர்கள் இக்கணக்கில் தடுமாறுவர். இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக ஐந்து (அல்லது மூன்று) ஆண்டுகளுக்கு முந்திய அந்த நாளில் விண்ணப்பதாரி பிரித்தானியாவுக்குள் இருந்திருக்க வேண்டும். அன்று அவர் ஊரில் விடுமுறையில் இருந்திருந்தால் சிக்கல்தான். விண்ணப்பத்தைச் சில வாரங்கள் தாமதித்தாலே இச்சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இதில் கவனக்குறைவுக்கு விலை அதிகம். 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்டபடி, வைபவக் கட்டணத்தையும் சேர்த்து ஒருவருக்கான கட்டணம் 1,735 பவுணாக இருந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் வைபவத்துக்குரிய 130 பவுண் மட்டுமே திரும்பி வரும். மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையும் கிடையாது. மீள் பரிசீலனை கோரலாம், அல்லது செலவு கூடிய நீதிமன்ற வழியை நாடலாம். அவ்வளவுதான்.

நிகாஹ்வும் பதிவும்

சகோதரிகளே, இப்பகுதியை ஊன்றிப் படியுங்கள்.

'பிரஜையின் மனைவி' என்று சட்டம் சொல்வது, சட்டம் அங்கீகரிக்கும் திருமணத்தையே. இலங்கையில் நிகாஹ் முடித்து, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, அத்தாட்சிப் பத்திரமும் வைத்திருப்பவருக்குப் பொதுவாக இதில் தொல்லையில்லை. ஆனால் இங்கிலாந்திலேயே ஒரு வீட்டிலோ மண்டபத்திலோ நிகாஹ் மட்டும் ஓதி, அரசாங்கப் பதிவு செய்யாமல் விட்டால், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியல்லள். 2020இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்பளித்தது. அல்லாஹ்விடத்தில் அது நிகாஹ்தான். எனினும் மூன்றாண்டுப் பாதை மட்டுமல்ல, பிரிவு நேர்ந்தால் சொத்தில் பங்கு கோரும் உரிமையும் அவளுக்குக் கேள்விக்குறியாகிவிடும்.

பிள்ளைகளையும் இது பாதித்திருக்கிறது. 2006 ஜூலை 1க்கு முன்னர் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாததாயின், தகப்பன் வழியாகப் பிரித்தானியப் பிரஜாவுரிமை தானாகக் கிடைக்கவில்லை. பின்னர் வந்த சட்டத் திருத்தத்தின்படி இத்தகையோர் பதிவு மூலம் உரிமை பெறலாம். இப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்களுக்கு, அதை எடுத்துச் சொல்லி ஆவணங்களைத் திரட்டித் தருவது ஒரு நல்ல சட்டத்தரணியால் ஆகக்கூடிய பெரிய உதவி.

தலாக் விடயமும் இப்படியே. இங்கிலாந்தில் இருந்துகொண்டு வாயால் சொல்லும் தலாக் அந்நாட்டில் சட்டப்படியான விவாகரத்தாகாது. நீதிமன்றத்தின் மூலமே அது முடிய வேண்டும். முந்திய திருமணம் சட்டப்படி முறியாதிருக்க, அடுத்த திருமணம் செல்லுபடியாகாது. இலங்கைக் காதி நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவர்கள் அதன் அத்தாட்சிப் பிரதியை ஒருபோதும் தொலைத்துவிடலாகாது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் அல்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து நமக்குக் கட்டளையிடுகின்றது. கடனுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு எவ்வளவு வேண்டும்? மகளைக் கட்டிக் கொடுக்கும் பெற்றோர் மஹரையும் மாப்பிள்ளையின் தொழிலையும் விசாரிப்பது போல், பதிவையும் விசாரிக்க வேண்டும்.

பெயரும் பத்திரங்களும்

நம்மவரின் பெயர்கள் அங்குள்ள அதிகாரிகளுக்குப் பெரும் குழப்பம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் முன்னே, விவாகப் பத்திரத்தில் பின்னே. 'பாத்திமா' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியவரும் உண்டு. பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஒரு பெயரும் இலங்கைக் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் இருந்தால், பின்னர் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுப்பதில் தடை வரும். எந்தப் பெயரை நிலைநிறுத்துவது, எதைச் சத்தியக்கடதாசியால் தெளிவுபடுத்துவது, தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களை யார் மொழிபெயர்ப்பது என்பவற்றைச் சட்டத்தரணி ஒழுங்குபடுத்துவார்.

விண்ணப்பத்துக்கு இரண்டு பேரின் உறுதிப்படுத்தலும் தேவை. இருவரும் விண்ணப்பதாரியை மூன்றாண்டுகளாவது அறிந்திருக்க வேண்டும்; உறவினராக இருக்கக் கூடாது. விண்ணப்பத்தைக் கையாளும் சட்டத்தரணியும் இதற்குக் கையொப்பமிட முடியாது. வீட்டோடு முடங்கியிருக்கும் பெண்ணுக்கு இப்படி இருவரைத் தேடுவது எளிதன்று. பிள்ளையின் ஆசிரியையோடும் அயலவரோடும் நல்லுறவு வைத்திருப்பது இதற்கும் உதவும்.

மொழியும் பரீட்சையும்

18க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதினர் இரண்டு தகைமைகளைக் காட்ட வேண்டும். ஒன்று, ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் நடுத்தர ஆற்றல். மற்றது, அந்நாட்டு வாழ்க்கை, சரித்திரம், சட்டம் பற்றிய பரீட்சை: 45 நிமிடத்தில் 24 கேள்விகள், 18க்குச் சரியான விடை வேண்டும். நீடித்த நோயாலோ ஊனத்தாலோ இயலாதவர்களுக்கு வைத்திய அத்தாட்சியுடன் விலக்குக் கோரலாம்; அதனை முறைப்படி கோர சட்டத்தரணி துணை செய்வார். ஆனால் பரீட்சையை உங்களுக்காக எந்தச் சட்டத்தரணியும் எழுத முடியாது. ஆங்கில வகுப்புக்குப் போவதை மகள் அங்கு சென்ற முதலாம் மாதத்திலேயே தொடங்கட்டும். பெண் அறிவு தேடுவதைத் தடுக்க எந்தக் கணவனுக்கும் மார்க்கம் அனுமதி தரவில்லை.

உண்மையே பாதுகாப்பு

நன்னடத்தை என்பது இன்னொரு நிபந்தனை. வரி ஒழுங்காகச் செலுத்தப்பட்டதா, குற்றத்தீர்ப்பு உண்டா, முந்திய வீசா விண்ணப்பங்களில் பொய் சொல்லப்பட்டதா என்றெல்லாம் ஆராய்வார்கள். சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரின் விண்ணப்பம் வழமையாக மறுக்கப்படும் என்று 2025 பெப்ரவரியில் வழிகாட்டல் கடுமையாக்கப்பட்டது. "இதை எழுதாதே, அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று சொல்லும் தரகர்கள் எங்கும் உள்ளனர். மோசடியால் பெற்றதென்று தெரியவந்தால், கொடுத்த பிரஜாவுரிமையையே பறிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நல்ல சட்டத்தரணி குறையை மறைக்கச் சொல்ல மாட்டார். அதைச் சொல்லி, அதற்குரிய விளக்கத்தையும் சான்றையும் இணைப்பார்.

ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்களை எண்ணிப் பாருங்கள். குறைஷியர் பரிசுப் பொருட்களோடு தூதரை அனுப்பி, அவர்களைத் திருப்பித் தருமாறு நஜ்ஜாஷி மன்னரிடம் கேட்டனர். முஹாஜிர்களின் சார்பில் பேச எழுந்தவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள். மர்யமின் மகன் ஈஸா (அலை) பற்றி உங்கள் கொள்கை என்ன என்று ஒரு கிறிஸ்தவ மன்னர் கேட்டபோது, அவரைத் திருப்திப்படுத்தப் பேச்சை வளைக்கவில்லை. இஸ்லாம் சொன்னதை அப்படியே சொன்னார்கள். அந்த உண்மையே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பிற நாட்டில் நமக்காகப் பேசுபவர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அழகான முன்மாதிரி வேறில்லை.

கணவனிடம் அஞ்சி வாழும் சகோதரிக்கு

கணவனின் வீசாவில் தங்கியிருக்கும் பெண்ணை, "நான் ஒரு கடிதம் எழுதினால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டி அடிப்பவரும் நம்மில் உள்ளனர் என்பது வேதனையான உண்மை. பிரித்தானியப் பிரஜையின் அல்லது அங்கு நிரந்தரமாகக் குடியேறியவரின் துணையாக வீசா பெற்றுச் சென்ற பெண்ணின் இல்வாழ்வு வன்முறையால் முறிந்தால், கணவனின் தயவின்றித் தானாகவே நிரந்தர வதிவிட அனுமதி கோர அந்நாட்டு விதிகளில் இடமுண்டு. சாதாரண பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு அரசாங்கச் சட்ட உதவி பொதுவாகக் கிடைக்காது. ஆனால் வசதி குறைந்தவருக்கு இவ்விடயத்தில் கிடைக்கும். சட்டத்தரணியிடம் சொல்வது இரகசியமாகப் பேணப்படும். "பொறுத்துக்கொள் மகளே" என்று மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், தாய்மாரே. சபுர் என்பது அநியாயத்துக்குத் துணைபோவதல்ல.

இலங்கைப் பக்கத்தை மறக்க வேண்டாம்

இலங்கைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெறுபவர் இலங்கைப் பிரஜை என்ற நிலையை இழக்கிறார். ஆனால் வேற்றுநாட்டுப் பிரஜாவுரிமையைப் பெறுமுன்னரே இலங்கையினதைத் தக்கவைத்துக்கொள்ளவும், இழந்தபின் மீளப் பெறவும் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் கையாள்வது பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இங்கு காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. அதில் சில விலக்குகளும் உண்டு. ஆகவே, வளவு வாசல் எழுதுமுன் இங்குள்ள சட்டத்தரணி ஒருவரையும் கலந்தாலோசியுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் நமது தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர், தகப்பன் மட்டுமல்ல, தாயும் தன் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்க முடியும். பெண்களுக்குக் கிடைத்த இவ்வுரிமை நம் பெண்கள் பலருக்கு இன்னும் தெரியாது.

எப்படித் தெரிவு செய்வது?

எல்லோருக்கும் சட்டத்தரணி தேவையில்லை. நாட்கணக்கு சரியாக, பத்திரங்கள் ஒழுங்காக, வேறு சிக்கல் எதுவும் இல்லாதவர் தாமே விண்ணப்பிக்கலாம். சிக்கல் உள்ளவர்கள் இவற்றைக் கவனிக்கட்டும்:

1. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியும் பதிவும் இல்லாதவர் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாக நடத்துவது குற்றம். அவர் சட்டத்தரணியா, அல்லது பதிவு பெற்ற ஆலோசகரா என்பதை உரிய அமைப்பின் பட்டியலில் பாருங்கள். ஊரவர், உறவினர் என்பது தகுதியாகாது.

2. கூலி எவ்வளவு, அதற்கு என்னென்ன வேலை என்பதை எழுத்தில் பெறுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

3. "நிச்சயம் எடுத்துத் தருவேன்" என்பவரை நம்ப வேண்டாம். முடிவு அரசாங்கத்தின் கையில்.

4. நிரப்பாத படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். மூலப் பத்திரங்களைக் கொடுத்தால் பிரதியும் அத்தாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நிரந்தர வதிவிட அனுமதிக்குரிய பொதுக் காலத்தை ஐந்திலிருந்து பத்தாண்டாக்கும் யோசனையை 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்டது. பழைய அனுபவசாலியின் சொல்லை விட இன்றைய விதியைக் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. பிரஜாவுரிமை வைபவத்தில் அந்நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாக வாக்களிக்க வேண்டும். இறைவன் பெயரால் சத்தியம் செய்யலாம். அல்லது சத்தியமின்றி உறுதிமொழி கூறலாம். எவ்விதமாயினும் அது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுவது முஃமினின் கடமை. கையில் வரும் கடவுச்சீட்டு பிரயாணத்துக்கு மட்டுமல்ல, அதுவும் ஓர் அமானிதம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எந்த மண்ணில் வாழ்ந்தாலும் உண்மையோடும் கண்ணியத்தோடும் வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.