பெரிய பிரேக் மாட்டியாச்சு, ஏர் எடுத்தாச்சா?

ஆரணியில் நெய்த சேலைகளைக் காரில் அடுக்கிக்கொண்டு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரத்துக்கோ, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கோ போய்வருகிறவர்களுக்கு பிரேக் என்பது பிழைப்போடு சேர்ந்த விஷயம். பின் சீட்டை மடக்கிச் சுமை ஏற்றியதும் வண்டி நிற்க முன்னைவிட நேரமெடுப்பதுபோல் தோன்றும். 'பெரிய பிரேக் கிட் போட்டுடுங்க' என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் கேலிப்பர், ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸ், புது பேட் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து இறங்கும். அதைப் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. பழைய கேலிப்பரைக் கழற்றிய நொடியே பிரேக் லைனுக்குள் காற்று புகுந்துவிடுகிறது. அதை முழுசாக வெளியேற்றும்வரை அந்த வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

காலால் மிதிக்கிற அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம்வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். திரவம் அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் மிதித்த அழுத்தம் அப்படியே பேடுக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் உங்கள் மிதி அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சுபோல அமுங்கும். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கெட்டியாகும். 'அடிச்சு மிதிச்சா பிடிக்குது, ஒண்ணும் பிரச்சினை இல்ல' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். குறுக்கே குழந்தை ஓடிவரும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

பெரிய கிட் போடும்போது அடிக்கடி நேர்கிற ஒரு தவறு, இடப்பக்கக் கேலிப்பரை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டிவிடுவது. போல்ட் சரியாக உட்காரும், பார்வைக்கும் குறை தெரியாது. ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் கேலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டியது கீழே போய்விடும். காற்று மேலே தங்கும். கீழிருந்து எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் அது வெளியே வராது. வண்டியை எடுக்கும்முன் குனிந்து பாருங்கள்: நிப்பிள் மேலே இருக்கிறதா? நான்கு பிஸ்டன் கேலிப்பர்கள் பலவற்றில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு நிப்பிள் இருக்கும். இரண்டிலும் எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏர் எடுப்பதைப் பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பார்கள். நம் ஊர்க் கார்களில் அது பெரும்பாலும் பின்பக்க இடது சக்கரம். சில கார்களில் வரிசை வேறு. வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே சரி. வேலை நடக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள ஆயில் டப்பா ஒருமுறை காலியானாலும் மேலிருந்து மறுபடி காற்று இறங்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தி அடிப்பதும் கெடுதல். மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாகத் தேயாத பகுதியில் படிந்திருக்கும் அழுக்கும் துருவும் ரப்பர் சீலைக் கிழித்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துச் செய்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் வெறுமனே பெடலை மிதித்து எடுப்பது போதாது. ஸ்கேனரை இணைத்து ஏபிஎஸ் பம்பை இயக்கித்தான் எடுக்க முடியும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் ஏபிஎஸ் வண்டிக்குக் கிட் போடக் கொடுக்காதீர்கள். எல்லாம் முறைப்படி செய்தும் பெடல் ஆழமாகப் போனால் காரணம் காற்றாக இல்லாமலும் இருக்கலாம். பெரிய பிஸ்டன்களுக்கு அதிக ஆயில் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவு தள்ள முடியாமல் போகும். அந்தக் கிட் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்று அர்த்தம்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே இனம். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதுதான் அதற்கான குறைந்தபட்ச அளவுகோல். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறிவிட்டு ஜவ்வாது மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். எனவே சீல் உடைக்காத புது டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஜரிகையை உரசிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதில் கூச்சம் வேண்டியதில்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்திருங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. அழுத்தியபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்கி நிற்க வேண்டும். அடுத்து ஆளில்லாத இடத்தில் மிக மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஸ்டெப்னி டயர் பெரிய கேலிப்பரின் மேல் உட்காருகிறதா என்பதையும் அங்கேயே மாட்டிப் பாருங்கள். நடுவழியில் பஞ்சரான பிறகு தெரிந்து பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வாகனத்தை விருப்பம்போல் மாற்றத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். ஆகவே தயாரிப்பு நிறுவனம் உங்கள் மாடலுக்கு அங்கீகரித்த பாகமா என்று பாருங்கள். இல்லையென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டபின் போடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றியதைக் காரணம் காட்டி உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்க இடமுண்டு. பிரேக் சரியில்லை என்று தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஓட்டினால் 190-ஆம் பிரிவின் கீழ் ஓட்டுநரே குற்றவாளி.

பட்டறை தவறு செய்திருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். அதற்கு அடிப்படை பில். பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. கிட்டின் பெயர், ஆயில் வகை, ஏர் எடுத்த விவரம் மூன்றும் அதில் இருக்கட்டும். 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் கார், நுகர்வோர் வழக்கு போட முடியாது' என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருளைப் பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கைத்தறி வைத்து சேலை விற்றுக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது பெரிய பலம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

பெடலில் கோளாறு தெரிந்ததும் பலர் அதே பட்டறைக்கு ஓடி, 'சரி பண்ணிக் கொடுங்க' என்று விட்டுவிடுகிறார்கள். அதோடு சாட்சியமும் போய்விடுகிறது. வண்டியை ஓட்டாமல் இழுத்துச் சென்று வேறொரு பட்டறையில் காட்டி, நிப்பிள் இருக்கும் நிலை, கசியும் இடம், ஆயில் அளவு ஆகியவற்றைப் படமெடுத்து, கண்ட குறையை லெட்டர்பேடில் எழுதி வாங்கியபிறகே கழற்ற விடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.