மலையகத்தின் சந்தடியற்ற வீதிகளும் சைக்கிளும்

இலங்கையில் சைக்கிள் சமதரையின் வாகனமாகவே அறியப்பட்டு வந்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய கிழக்கின் கரையோர ஊர்களிலும் பாடசாலைப் பிள்ளைகள் முதல் மீன் வியாபாரிகள் வரை அதனையே நம்பியிருந்தனர். 1990 இல் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட பின்னர் நோயாளியையும் நெல்மூட்டையையும் சுமந்தது சைக்கிளே. அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தியும் கேட்கப்பட்டது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டபோது, சைக்கிளை வறியவரின் வாகனமென ஒதுக்கியிருந்த கொழும்புவாசிகளும் அதனைத் தேடி அலைந்ததையும் அதன் விலை பன்மடங்கு உயர்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மலையகம் இவ்வரலாற்றுக்குப் புறத்தே நின்றது. அங்கு சைக்கிளைக் காண்பதே அரிது. எனினும் அண்மைக் காலமாக விடுமுறை நாட்களில் மலைவீதிகளில் கியர் சைக்கிள்களுடன் வெளிநாட்டவரும் உள்நாட்டு இளைஞரும் தென்படத் தொடங்கியுள்ளனர். கண்டி - நுவரெலியா பிரதான வீதி போன்ற வாகன நெரிசல் மிக்க வழிகளை இவர்கள் விரும்புவதில்லை. காடும் தேயிலையும் இருமருங்கும் சூழ, மணிக்கணக்கில் சில வாகனங்களே கடந்துசெல்லும் கிளைவீதிகளையே நாடுகின்றனர். இத்தகைய வீதிகள் எவ்வாறு உருவாயின, அவற்றின் அமைதி எதனால் நிலைக்கிறது, அந்த அமைதியின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பன சிந்திக்கத்தக்கவை.

மலைநாட்டு வீதிகளின் அடிப்படை மாட்டு வண்டியாகும். 1820களில் கொழும்பு - கண்டி வீதி இராஜகாரிய ஊழியத்தைக் கொண்டு வெட்டப்பட்டது. அதனைத் தொடர்ந்து கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தோமஸ் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகளின் மேற்பார்வையில் மலைகளுக்குள் வீதிகள் நுழைந்தன. அவற்றுக்காக மண்ணை வெட்டிக் கல்லை உடைத்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் இருந்தனர். பாரம் ஏற்றிய வண்டியை மாடு இழுத்துச் செல்லவேண்டுமெனில் வீதி செங்குத்தாக ஏற முடியாது. எனவே மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, வளைவுக்கு மேல் வளைவாக அது ஏறியது. மாட்டின் வலுவை அளவாகக் கொண்டு போடப்பட்ட வீதி மனிதனின் காலுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை. 1867 இல் கண்டிக்கும் 1924 இல் பதுளைக்கும் ரயில் சென்றடைந்தபோது பெரும் பாரங்கள் தண்டவாளத்துக்கு மாறின. பிற்காலத்தில் லொறிகளும் பஸ்களும் பிரதான வீதிகளைப் பிடித்துக்கொள்ள, பழைய தோட்ட வீதிகள் பல ஒதுக்குப்புறமாகின.

அவ்வாறாயின் மலையக மக்கள் ஏன் சைக்கிளைக் கைக்கொள்ளவில்லை? காரணம் எளிது. எமது ஊர்களில் வழக்கிலுள்ள ஒற்றைப் பல்சக்கர சைக்கிள், மிதி ஒருமுறை முழுதாகச் சுழலும்போது ஏறக்குறைய ஐந்து மீற்றர் முன்னேறுகிறது. சமதரையில் இது வசதியே. ஆனால் நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் உயரும் ஏற்றத்தில், வண்டியோடு சேர்த்து 80 கிலோகிராம் நிறையை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் மேலே தள்ளுவதற்கு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 100 வாற்றுக்கு மேற்பட்ட வலு தேவை. ஐந்து மீற்றர் வண்டியில் அவ்வலு ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்காலை நெரிக்கும். கியர் சைக்கிளில் மிகக் குறைந்த கியரை மாட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றரே நகரும். அதே வலு சிறு சிறு மிதிப்புகளாகப் பிரிந்து, நடுத்தர வயதினரும் ஓய்ந்து ஓய்ந்து ஏறக்கூடியதாகிவிடுகிறது. இறக்கத்தில் நிலைமை வேறு. தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறும், மழையில் வழுக்கும். ஏறுவதற்கு உடல்வலு வேண்டுமெனில் இறங்குவதற்கு நிதானம் வேண்டும்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்லும் வீதியை உதாரணமாகக் கொள்ளலாம். முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான இவ்வழி காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை ஒட்டிச் செல்கின்றது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969 இல் நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. வரட்சியில் நீர்மட்டம் தாழ்கையில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதுண்டு. வீதியின் முடிவில் 2243 மீற்றர் உயரத்தில் எழுந்து நிற்பது இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றும் மலையாகும். 14 ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இம்மலையில் ஏறினார். மார்கழி முதல் வெசாக் வரையிலான யாத்திரைக் காலத்தில் இவ்வீதி பஸ்களாலும் வான்களாலும் திணறுகின்றது. அப்பருவம் கழிந்ததும் இதே வீதி கொழுந்துக் கூடைக்காரருக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடுகின்றது.

அமைதியை நாடுவோர் காலத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா சரிவுகளில் கொட்டித் தீர்க்கும்போது, மலைமுகட்டுக்கு அப்பால் ஊவாவில் வானம் வெளித்திருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் கச்சான் என அழைக்கும் உலர்காற்று அவ்வழியே இறங்கி வருவதுதான். அம்மாதங்களில் ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன வரையான சுமார் 10 கிலோமீற்றர் தோட்ட வீதி உகந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அங்குள்ளது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக ரிவஸ்டன் கணவாயைக் கடந்து பிட்டவல பத்தனைக்கு இறங்கும் வீதியோ காட்டுக்குள்ளேயே செல்வது. 2010 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான நக்கிள்ஸ் காடு அதுவாகும். வருட இறுதியில் வடகீழ் பருவக்காற்று வீசும்போது அவ்வழியைத் தவிர்ப்பதே நன்று.

இனி இவ்வமைதியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். சைக்கிளில் வருபவருக்கு இன்பமளிக்கும் வெறுமையான வீதி, லயத்தில் வாழ்பவருக்குப் பெரும்பாலும் புறக்கணிப்பின் அடையாளமாகும். பஸ் வராததால்தான் அங்கு சந்தடி இல்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை முச்சக்கர வண்டியில் குழிக்குக் குழி தூக்கியெறியப்பட்டவாறு ஏற்றிச் செல்லவேண்டிய வீதியை நாம் அமைதியான வீதி எனப் புகழ்வது அம்மக்களை ஏளனம் செய்வதாகும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைநிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் முட்டுக்கட்டையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. திருத்தம் வந்துவிட்டதனால் வீதியும் வந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. தோட்டக் கம்பனி, பிரதேச சபை, மாகாண சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை என ஒன்றை ஒன்று சுட்டும் நிர்வாகங்களுக்கிடையே பல வீதிகள் இன்னமும் அநாதையாகவே கிடக்கின்றன.

ஆகவே வீதிகள் திருத்தப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எவ்வாறு திருத்துவது என்பதே கேள்வி. எமது நாட்டில் வீதி அபிவிருத்தி என்றாலே அகலிப்பு எனப் பொருள்கொள்ளப்படுகின்றது. ஒதுக்குப்புறமான வீதியொன்றை இருவழி கார்ப்பெற் வீதியாக அகலித்தால் அது அயலிலுள்ள பிரதான வீதிக்குக் குறுக்குவழியாகிவிடும். கைத்தொலைபேசி வரைபடங்கள் அதனைச் சாரதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாமதிப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனத்தின் இயக்கசக்தி 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே வாகனத்தினதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடைபாதையற்ற வளைவில் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்டது. ஆண்டுதோறும் 2000 க்கும் மேற்பட்டோரை வீதி விபத்துகளுக்குப் பலிகொடுக்கும் நாட்டில் இது மிகைக்கூற்றல்ல. மாறாக, இருக்கின்ற அகலத்திலேயே மேற்பரப்பை உறுதியாக்கி, வடிகான்களையும் மதகுகளையும் ஒழுங்குசெய்து, வாகனங்கள் ஒன்றையொன்று விலகிச் செல்ல இடையிடையே ஒதுங்கிடம் அமைத்தால் அம்புலன்ஸும் பாடசாலை வானும் தாராளமாக வந்துபோகலாம். வேகமாக ஊடறுத்துச் செல்ல விரும்புபவனுக்கு மட்டுமே அது பயன்படாது.

இதில் மண்சரிவு அபாயமும் அடங்கியுள்ளது. வீதியை அகலிப்பதற்காகச் சரிவின் அடிப்பாகத்தை வெட்டும்போது மேலேயுள்ள மண் பிடிமானத்தை இழக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீதிகளையும் வீடுகளையும் மூடிய காட்சிகளை நாடே கண்டது. சேதமுற்ற வீதிகளை மீளமைக்கையில் அகலத்துக்காக மலையை மேலும் வெட்டுவதா என்பதைப் பொறியியலாளர்கள் மட்டும் தீர்மானிக்காது, வீதியின் மேலும் கீழும் குடியிருப்போரிடமும் கேட்பது அவசியமாகும்.

பிற நாடுகளில் இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் கிராமப்புற ஒழுங்கைகளை ‘அமைதி ஒழுங்கை’ எனப் பெயர்குறிக்கும் அதிகாரத்தை உள்ளூர் வீதி அதிகாரசபைகளுக்கு அளித்தது. அங்கு மோட்டார் வாகனங்கள் தடைசெய்யப்படவில்லை. நடப்போரும் சைக்கிளோட்டிகளும் அவ்வீதிகளில் சம உரிமையுடன் செல்வர் என்பது சாரதிகளுக்கு உணர்த்தப்படுகின்றது. ஸ்பெயின் 1993 முதல் கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடைக்கும் சைக்கிளுக்குமான பசுமை வழிகளாக மாற்றி வருகின்றது. அவற்றின் மொத்த நீளம் 3000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. ரயில் செங்குத்தாக ஏற இயலாதது. எனவே அதன் தடம் சைக்கிளுக்குத் தோதான மென்சரிவு. இங்கும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு 1940களில் கைவிடப்பட்டது. அதன் தடத்தில் எஞ்சியிருப்பது எவ்வளவு என அளந்து பார்ப்பது பயனுள்ள முயற்சியாகும். ஆனால் பழைய ரயில் ஒதுக்கு நிலத்தில் குடியிருப்போர் எவரேனும் இருப்பின் அவர்களைக் கிளப்பிவிட்டுச் சுற்றுலாப் பாதை அமைப்பதை நாம் ஒருபோதும் ஆதரிக்கோம்.

தோட்ட மக்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். வாகனத்தில் வரும் சுற்றுலாப் பயணி எல்ல, நுவரெலியா ஹோட்டல்களில் உண்டு உறங்கித் திரும்புகிறார். இடையிலுள்ள தோட்டம் அவருக்குப் புகைப்படம் மட்டுமே. சைக்கிளில் வருபவருக்கோ பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை தண்ணீரும், ரொட்டியும், பிளேன்ரீயும் தேவை. மழை பிடித்தால் தங்க இடமும் தேவை. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவை அடையும் 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான பெக்கோ நடைபாதை, 22 பகுதிகளாகப் பழைய தோட்டப் பாதைகளை இணைத்துள்ளது. நடந்துவருவோருக்கென ஒரு வழி திறந்திருக்கையில் சைக்கிளோட்டிகளுக்கென இன்னொன்று திறப்பது பெரும் செலவாகாது. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் தமிழ், முஸ்லிம் வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. கியர் சைக்கிளின் சங்கிலியையும் பிரேக்கையும் திருத்தத் தெரிந்தவர் இன்று அந்நகரங்களில் அரிது. கொழும்புக்குக் கடைவேலை தேடிச் செல்லும் தோட்ட இளைஞர்களில் சிலருக்கு அத்தொழிலைக் கற்பிக்க, பிரதேச சபையொன்றின் ஓர் அறையும் சில மாதப் பயிற்சியும் போதும்.