திராட்சை கொடியின் 'சேமிப்பு கணக்கு' வேரில் இருக்கு!
பந்தல் போடும் முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியது என்ன?

ராசிபுரம்:-

ராசிபுரம் வட்டாரத்தில் மரவள்ளியை பற்றி தெரியாத விவசாயி கிடையாது. இலை தயாரிக்கும் மாவு கிழங்கில் போய் சேருகிறது. அதுதான் சேகோ ஆலையில் ஜவ்வரிசியாக மாறுகிறது.

திராட்சை கொடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது கிழங்கு வைக்காது. வேரிலும், அடித்தண்டிலும், முற்றிய கொடியிலும் மாவுச்சத்தை சேர்த்து வைக்கும். எவ்வளவு சேரும், எப்படி செலவாகும் என்பதில் மண்ணுக்குள் இருக்கும் வேர் ரகத்துக்கு பெரிய பங்கு உண்டு.

திராட்சை வைக்க நினைப்பவர்கள் பழ ரகத்தை பார்க்கிற அளவுக்கு வேரை பார்ப்பது இல்லை. கல்தூண், கம்பி, சொட்டுநீர் என்று லட்சக்கணக்கில் பணத்தை போட்ட பிறகு வேரை மாற்ற முடியாது. தப்பான வேர் அமைந்து விட்டால் கொடி இருக்கும் வரை மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கீழே ஒரு ரகம், மேலே ஒரு ரகம்

ஒட்டு மாங்கன்று போலத்தான் இதுவும். கீழே வேர்ச்செடி, மேலே பழம் தரும் ரகம். 1860-களில் பிரான்ஸ் நாட்டில் பைலாக்சிரா என்ற பொடிப்பூச்சி வேரை தாக்கி, தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்க காட்டு திராட்சை வேர் மட்டும் அதை தாங்கி நின்றது. அந்த வேரில் ஒட்டு கட்டித்தான் ஐரோப்பிய திராட்சை தப்பித்தது.

நம் நாட்டில் காரணம் வேறு. தண்ணீர் பஞ்சமும், உப்பும்தான் இங்கே வில்லன்கள். மராட்டிய மாநிலம் நாசிக், சாங்லி பகுதிகளில் 'டாக்ரிட்ஜ்' என்ற வேர்ச்செடி பரவியது இதனால்தான். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் டெக்சாஸ். வறட்சி, உப்பு, வேர்முடிச்சு நூற்புழு மூன்றையும் தாக்குப்பிடிக்கும். போர்வெல்லை நம்பி இருக்கும் நம்ம பக்கத்து விவசாயிகளும் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதி இது.

தளதளன்னு வளர்ந்தா போதுமா?

டாக்ரிட்ஜ் வேரில் கொடி வேகமாக ஓடும். மோசமான மண்ணில் அந்த வேகம் லாபம். நல்ல மண்ணில் உரமும், தண்ணீரும் தாராளமாக கொடுத்தால் அதுவே வினை. சேர வேண்டிய சத்து புதுத்தளிருக்கே செலவாகி விடும். பந்தல் அடைத்துக்கொண்டு மொட்டில் வெயில் படாது.

அடுத்த காய்ப்புக்கான குலை, மொட்டுக்குள் முன்கூட்டியே உருவாகி விடுகிறது. குலையும், கம்பியை சுற்றிப்பிடிக்கும் சுருளும் ஒரே கருவில் இருந்து வருபவை. வெயிலும், மாவுச்சத்தும் கிடைத்தால் அது குலை. கிடைக்காவிட்டால் வெறும் சுருள். பந்தல் பச்சைப்பசேல்னு இருக்கும், பெட்டியில் பழம் இருக்காது.

கவாத்து முடிந்ததும் கை இருப்பு

குளிர் நாடுகளில் கொடி இலையை உதிர்த்து தூங்கும். நம்ம ஊர் வெயிலில் தூக்கம் கிடையாது. கவாத்துதான் பருவத்தை முடிவு செய்கிறது. மராட்டியத்தில் ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு 2 கவாத்து. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் 2 ஆண்டில் 5 மகசூல் கூட எடுக்கிறார்கள்.

கவாத்து செய்ததும் கொடியில் இலையே இருக்காது. துளிர் விடுவதும், முதல் இலைகள் விரிவதும் பழைய சேமிப்பில்தான். அறுவடை முடிந்த கையோடு பச்சை இலையை வெட்டித்தள்ளினால் சேமிப்பு நிரம்பாது. துளிர் ஒரே சீராக வராது, குலையும் சிறுத்துப்போகும். எந்த வேராக இருந்தாலும் இந்த கணக்கு மாறாது.

என்ன செய்யலாம்?

முதலில் மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதனை செய்ய வேண்டும். உப்பும், வறட்சியும் இருந்தால் டாக்ரிட்ஜ் கைகொடுக்கும். நல்ல மண் என்றால் '110 ஆர்' போல வேகம் குறைந்த வேர்ச்செடியை யோசிக்கலாம்.

ஏற்கனவே டாக்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தழைச்சத்து உரத்தை குறைக்க வேண்டும். நுனியை கிள்ளி, பந்தலுக்குள் வெயில் புக வழி செய்ய வேண்டும். அறுவடைக்கு பிறகும் இலையை நோய் தாக்காமல் காப்பாற்றி, கொடிக்கு ஓய்வு கொடுப்பது முக்கியம்.

நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும், தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் உள்ள வேளாண் பல்கலைக்கழக திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். பந்தலுக்கு குழி தோண்டும் முன்பே கேட்டு விடுவது நல்லது.